துடைச்ச இலையும் தூசி இலையும்

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காளைக் கட்டிக்கொண்டும் இன்னும் உயிரோடிருக்கும் மாமா எழுதிக்கொள்வது. இங்கு நலமில்லை. நீயாவது நலமாக இரு, நான் வந்து உதைக்கும் வரைக்கும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம்.

நீ அனுப்பிய களை மிஷின் வந்து சேர்ந்தது. "இலையில பட்டுத் திரும்புற வெளிச்சத்தை வச்சே பயிர் எது களை எதுன்னு பிரிச்சிடும் மாமா, களைமேல மட்டும் மருந்து அடிக்கும், முதல்ல ஒரு வரிசை மிளகாயைக் காட்டிப் பழக்குங்க"ன்னு சொன்னே. சரி, நம்ம பயிரை முதல்முதலா பாக்க வருது, அழுக்கா காட்டலாமா? தோட்டமோ மண் ரோட்டு ஓரம், ஒரு லாரி போனா இலைக்கெல்லாம் பவுடர் பூசின மாதிரி தூசி. அதனால ஈரத்துணியை எடுத்து அந்த ஒரு வரிசையை மட்டும் இலை இலையாத் துடைச்சு, போட்டோவுக்கு உக்காந்த புள்ளைங்க மாதிரி பளபளன்னு நிறுத்தினேன். மிஷினும் நல்லாப் பாத்துக்கிச்சு. பளபளன்னா பயிர், தூசின்னா களைன்னு மனசுல வச்சுக்கிச்சு பாரு, அங்கதான் போச்சு என் பொழப்பு. நேத்து காலையில உன் அக்கா தொட்டியை நிரப்பிக் குடுத்தா, ஓட்டிவிட்டேன். துடைக்காத மிளகாயை ஒண்ணு விடாம தேடித் தேடி நனைச்சுது. குழாய் ஒழுகுற மூலையில கோரைப்புல்லு ஈரத்துல மினுமினுன்னு நிக்குது, அதுகிட்ட வந்ததும் மட்டும் பெரிய மனுசனைப் பாத்த மாதிரி ஒதுங்கிப் போச்சு. "நிறுத்து, நிறுத்து"ன்னு பின்னாடியே ஓடினேன். நிறுத்துற பொத்தானை அதோட வயித்துக்கு அடியிலயா வைப்பே? நான் தடவிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள தோட்டமே முடிஞ்சுது.

இந்த மிளகாய்தான் எங்களுக்கு வருஷத்துச் சோறு. நாளைக்கோ மறுநாளோ எல்லாம் கருகிடும். எனக்குப் பேச்சே வரலை. உன் அக்கா மட்டும் எதுவும் நடக்காத மாதிரி உக்காந்து வெங்காயம் உரிக்கிறா. கருகினா பாயைச் சுருட்டிக்கிட்டு உன் வீட்டுக்குத்தான் வருவோம். நான் குறட்டை விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
பயிரைப் பறிகொடுத்த மாமா

பின்குறிப்பு: உறையில போட்டு ஒட்டக் குடுத்த இந்தக் கடிதத்தைப் படிச்சிட்டு உன் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறா. தொட்டியில மருந்தே இல்லையாம், வெறும் தண்ணியாம்! "களை எடுக்கப் போயி கீரையைப் பிடுங்கிட்டு வந்த ஆளு நீங்க. நீங்க பாடம் சொல்லிக் குடுத்த மிஷினை நம்பி மருந்து ஊத்துவேனா?"ங்கிறா. நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? "உங்க வாய் ஒரு நாளாவது சும்மா இருந்துச்சே, அதைக் கெடுப்பானேன்"னுட்டா. தண்ணி பட்டுத் தூசி போயி இப்ப மிளகாயெல்லாம் மின்னுது. மிஷினை மறுபடி ஓட்டினேன், ஒவ்வொரு செடியையும் பயிர்தான்னு விட்டுட்டுப் போகுது. கோரையையும்தான். ஆசீர்வாதத்தை நீயும் எடுத்துக்க, வந்து சரியாப் பழக்கிக் குடுத்துட்டுப் போ. வீட்டுல இருக்கிற துணியையெல்லாம் உன் அக்கா பெட்டியில வச்சுப் பூட்டிட்டா.