நன்றி சொல்லும் வரிசை

கொன்றைவேலி நாட்டில் மழை பெய்தால் மன்னருக்கு நன்றி சொல்வார்கள். பெய்யாவிட்டால், வெள்ளம் வராமல் காத்ததற்கு நன்றி சொல்வார்கள். அவ்வளவு நன்றியுள்ள நாட்டில் ஒருநாள் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்கள் சாயங்காலமானால் எங்கோ போகிறார்கள். திரும்பும்போது முகம் தெளிந்து வருகிறார்கள்.

ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்கள். செவந்திலிங்கத்தின் எண்ணெய்க் கடைக்குப் பின்னால் ஓர் அறை. உட்காரப் பழைய புண்ணாக்குச் சாக்கு, உருட்டத் தாயக்கட்டை, குடிக்கப் பானைத் தண்ணீர். அங்கே ஒரே ஒரு வழக்கம்தான். வந்தவனிடம் "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கே?" என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டவன் அன்றைக்கு எல்லாருக்கும் வெற்றிலை வாங்கித் தர வேண்டும்.

தம்பியை ஆற்றுக்குப் பறிகொடுத்த பரிசல்காரர் ஏகாம்பரம் அங்கேதான் வந்து உட்காருவார். வீட்டிலும் தெருவிலும் பரிசல் துறையிலும் எல்லாரும் அவரைத் துக்கம் விசாரித்தார்கள். விசாரிக்க விசாரிக்கச் சோறு இறங்கவில்லை. இந்த அறையில் மட்டும் தாயக்கட்டையைக் கையில் கொடுத்து, "போடுங்க, உங்க ஆட்டம்" என்பார்கள்.

அமைச்சர் சபையில் எழுந்தார். "பெருமானே, மக்கள் அரசின் அனுமதியில்லாமல் ஆறுதல் அடைகிறார்கள்."

சபை அதிர்ந்தது.

"நாம் கொடுக்காத நிம்மதி நாட்டுக்குள் எப்படி வந்தது?" என்றார் மன்னர். "எல்லையில் காவல் இல்லையா?"

அன்றே ஆறுதல் துறை பிறந்தது. அறை, அரசு ஆறுதல் நிலையம் ஆனது. ஆய்வாளர் ஒருவர் வந்தார். அவருடைய நாற்காலியைப் போட இடம் வேண்டுமென்று சாக்குகளை அள்ளி வெளியே வீசினார்கள். அடுத்த ஆணையில் நிலையத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. அறையிலிருந்த எல்லாரும் போட்டியிட்டார்கள். ஆளுக்கொரு வாக்கு வாங்கினார்கள். அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அதையும் சகித்துக்கொண்டிருந்தபோது, துயரத்தை உரக்கச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று இன்னொரு ஆணை வந்தது.

"உம் துயரம் என்ன?" என்றார் ஆய்வாளர்.

ஏகாம்பரம் வெளியே கிடந்த சாக்குகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கடனா, மாமியாரா, மூட்டுவலியா? அரசு அங்கீகரித்தது இவ்வளவுதான்."

"சும்மா உட்கார்ந்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

"சும்மாவா? அது சோம்பல் துறை. அடுத்த தெரு."

செவந்திலிங்கம் குறுக்கே வந்தார். "மூட்டுவலின்னே வச்சுக்குங்கய்யா. பத்தலைன்னா என் மூட்டையும் சேர்த்துக்குங்க."

அரசுப் பணியைக் கேலி செய்ததற்காக அறை பூட்டப்பட்டது. அன்றிரவு ஏகாம்பரம் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை.

அரசு அதோடு விடவில்லை. ஆறுதல் துறையைத் தந்தமைக்காக ஆண்கள் எல்லாரும் சாயங்காலம் அரண்மனைக்கு வந்து, வரிசையில் நின்று, மன்னருக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று பறையறைந்தார்கள்.

வரிசை சந்தை வரைக்கும் நீண்டது. நகராத வரிசையில் மனிதன் எவ்வளவு நேரம்தான் நிற்பான்? குந்தினார்கள். ஒருவன் அவித்த வேர்க்கடலை கொண்டுவந்தான். வரிசையில் இருப்பவனிடம் எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாரும் நன்றி சொல்லத்தானே வந்திருக்கிறார்கள். ஏகாம்பரம் ஒரு கை கடலை தின்றார். வாசலை நெருங்கியதும், "நீங்க போங்கண்ணே, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனார். வழி கிடைத்தவரும் அப்படியே செய்தார். பிறகு எல்லாரும் அப்படியே செய்தார்கள்.

உள்ளே மன்னர், நன்றி கேட்கத் தோதாக முகத்தை வைத்துக்கொண்டு அரியணையில் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை.

"நன்றி அளவுக்கு மீறிப் பெருகி வாசலில் அடைத்துக்கொண்டிருக்கிறது, பெருமானே" என்று விளக்கினார் அமைச்சர்.

மன்னருக்குப் பொறுக்கவில்லை. தமக்கு வரவேண்டிய நன்றியைத் தாமே போய் வாங்கிக்கொள்வோம் என்று கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கினார். சுவரெங்கும் வரைந்திருந்த மன்னர் ரொம்ப இளையவர் என்பதால் இவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வரிசையின் கடைசியில் ஏகாம்பரத்துக்குப் பின்னால் நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவசரம்னா வேற வரிசைக்குப் போங்க பெரியவரே" என்று சொல்லி, ஏகாம்பரம் கொஞ்சம் கடலையை அவர் கையில் போட்டார்.

மன்னர் அதை ஓட்டோடு வாயில் போட்டு மென்றார். கடலைக்கு ஓடு உண்டு என்பதை அதுவரை யாரும் அவருக்குத் தெரியவிட்டதில்லை.

ஏகாம்பரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "என் தம்பியும் சின்னதுல இப்படித்தான், ஓட்டோட மெல்லுவான்."

சொல்லிவிட்டுத் தாமே திடுக்கிட்டார். பிறகு தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டே கடலையை உரித்து உரித்துக் கொடுத்தார். எதையும் கேட்காமல் ஒருவன் தம்மிடம் பேசுவது மன்னருக்கு அதுவே முதல் தடவை. அவரும் எதையும் கேட்காமல் தின்றார்.

வரிசை நகர்ந்து நகர்ந்து அரண்மனை வாசல் வந்தது. ஏகாம்பரம் ஒதுங்கி, "போங்க, உங்க முறை" என்றார்.

மன்னர் வாசலைப் பார்த்தார். உள்ளே அமைச்சர் ஒரு புதிய ஆணையோடு காத்திருந்தார்.

"எனக்கொண்ணும் அவசரமில்லப்பா" என்றார் மன்னர்.

அதன் பிறகு கொன்றைவேலியில் புதிய ஆணை எதுவும் வரவில்லை. அமைச்சர் இன்றும் காலி அரியணைக்கு முன்னால் அறிக்கை வாசிக்கிறார்; ஆட்சியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்கிறார்கள். மக்களோ இப்போது நிஜமாகவே நன்றியோடு இருக்கிறார்கள். அதை யாரிடம் சொல்வதென்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ள வேண்டியவர் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்.