மேட்டுக்கு ஒரு மோட்டார்

இனி இந்த ஜன்மத்தில் பெடலை மிதிப்பதில்லை என்று ஒரு நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். வாயில் நுரை இருந்ததால் சபதத்தைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் பயனில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள என்ன பண்றீங்க? வண்டி வாசல்ல நிக்குது."

வண்டி என்றால் கௌரவமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சைக்கிள்தான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். முதுகுவலிக்காரர்களுக்கு ரொம்ப நல்லதாம். 'படுத்துக்கிட்டே ஓட்டலாம்' என்று சொல்லித்தான் மனைவி அதை வாங்கினாள். வந்த நாளிலிருந்து அது என்னைப் படுத்திக்கொண்டிருந்தது.

எனக்கு மின்சார அலுவலகத்தில் வேலை. புகார் போன் எடுக்கிற மேஜை. "கரண்ட் எப்ப வரும்?" என்பார்கள். "வந்துடும் சார்" என்பேன். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வருஷக்கணக்காக உட்கார்ந்து இதையே சொன்னதில் அவர்களுக்குக் கரண்ட் வந்ததோ இல்லையோ, எனக்கு முதுகுவலி வந்துவிட்டது.

மனைவி பிசியோதெரபிஸ்ட். பிறத்தியார் கைகால்களை மடக்கி நீட்டுவது அவள் தொழில். என்னை மடக்குவது அவளுக்குப் பொழுதுபோக்கு. அவளுடைய பயிற்சிக்கூடம் தண்ணீர்த்தொட்டி மேட்டின் உச்சியில் இருந்தது.

"முட்டிவலிக்காரங்க வர்ற இடத்தை யாராவது மேட்டு மேல வெப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ஏறி வர்றதுலயே பாதி சரியாயிடும். நாளையிலேந்து நீங்களும் ஏறுங்க. நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். கையைக் காட்டிட்டுத் திரும்பிப் போங்க."

வாழ்க்கையில் நான் கண்ட ஒரே ஏற்றம் அந்த மேடுதான். அதிலும் பாதியில் நின்றுவிடுவேன். காய்கறிப் பையோடு நடக்கும் பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். வண்டி தரையோடு தரையாக இருக்கும். தெருநாய்கள் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. சமமாகப் பார்த்தன. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே சபதம். ஆகவே மாடி வீட்டுக்காரர்.

மாடி வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். சுற்றுகிற எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பார்.

"ஒரு மோட்டார் மாட்டணும்," என்றேன் ரகசியமாக.

"எதுக்கு சார்? துணி துவைக்கவா?"

"என்னைத் துவைச்சு எடுக்கிறாங்களே, அதை நிறுத்த."

வண்டியைச் சுற்றி வந்தார். அவர் முகம் மலர்ந்தது. "பின் சக்கரத்தையே மாத்திடலாம் சார். சக்கரத்துக்குள்ளயே மோட்டார் இருக்கும். சீட்டுக்குப் பின்னால பையில பேட்டரி. கைப்பிடியில கட்டைவிரலால அழுத்த ஒரு சுவிட்சு. நடுவுல ஒரு கண்ட்ரோலர்."

"கண்ட்ரோலரா? வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியக் கூடாது. விளக்கு, மீட்டர் முள்ளு, டிஸ்ப்ளே எதுவும் வேண்டாம். சத்தம் வரக் கூடாது. பேட்டரி சார்ஜ் பண்றதும் உங்க வீட்டுல."

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வெள்ளோட்டம் நடந்தது. நான் ராஜா மாதிரி சாய்ந்து கட்டைவிரலை அழுத்தினேன். வண்டி அம்புபோலப் பாய்ந்தது. பின்பக்கமாக.

"ஒயரு மாறிடுச்சு சார்! விரலை எடுங்க!" என்று மாடி வீட்டுக்காரர் துரத்திக்கொண்டு ஓடிவந்தார்.

பயந்தால் மனிதன் இருக்கிற பிடியை இன்னும் இறுக்குவான் என்று அன்று தெரிந்துகொண்டேன். எதிர்வீட்டு அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். நானும் அவரிடமிருந்து விலகிப் போய்க்கொண்டே தலையசைத்தேன்.

"எவ்வளவு மரியாதை பாருங்க! பெரியவங்களுக்கு முதுகைக் காட்டாம போறாரு," என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அடுத்த கணம் குப்பைத்தொட்டி என்னை ஏற்றுக்கொண்டது.

ஒயரை மாற்றினார். நானும் சட்டையை மாற்றினேன்.

மறுநாள் காலை மனைவி பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னங்க, நடுவுல குண்டா?"

"கனமான சக்கரம். மிதிக்கக் கஷ்டமா இருக்கும். அப்பதானே நல்ல பயிற்சி?"

"பையில?"

"தண்ணி. தாகம் எடுக்குமே."

"நீங்களாவே யோசிச்சீங்களா?" அவள் கண்ணில் ஒரு பெருமை தெரிந்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை பார்த்த பெருமை. அதைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் மேட்டைப் பார்த்தேன். தோன்றவில்லை.

அன்று நான் மேட்டில் ஏறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கால்கள் ஒப்புக்குச் சுற்றின. கட்டைவிரல் மட்டும் உழைத்தது. காய்கறிப் பைகளைத் தாண்டினேன். நாய்களைத் தாண்டினேன். உச்சியில் ஜன்னல் திறந்தது. "அட!" என்றாள் மனைவி. அவளுக்குப் பின்னால் நோயாளிகளின் தலைகள் வரிசையாக முளைத்தன. கையைக் காட்டினேன். அவர்கள் தட்டினார்கள்.

பத்து நாள் இப்படி. பிறகு ஒரு சனிக்கிழமை மனைவி சொன்னாள்:

"எங்க ஆளுங்களுக்கு நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. உங்களைப் பாத்தா நம்பிக்கை வருதாம்."

போனேன். நியாயமாகப் பார்த்தால் போயிருக்கக் கூடாது. ஆனால் மேடை என்று ஒன்றைக் கொடுத்தால் புகார் மேஜைக்காரனுக்கும் நாக்கு நீண்டுவிடுகிறது. "மனசு வெச்சா மேடு என்னங்க மேடு! கால் மிதிக்கிறதில்ல, மனசுதான் மிதிக்குது!" என்று முழங்கினேன். முட்டியில் கட்டுப் போட்டவர்கள் எல்லாம் அதைத் தலையாட்டிக் கேட்டார்கள்.

முன் வரிசையில் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். முட்டி ஆபரேஷன் ஆனவர். எல்லாரும் டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் அவரைப் பயிற்சிக்கூட வாசலில் பார்த்தேன். என் வண்டி மாதிரியே பயிற்சிக்கூடத்தில் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏறிப் பாத்தேன் சார்," என்றார். "பாதியில நின்னுடுச்சு. நாலு நாளா அதே இடத்துலதான் நிக்குது. வேலைக்குச் சேந்த நாள்லேந்து இந்த மேட்டுலதான் பஸ் ஓட்டினேன். ஊரையே ஏத்தி இறக்கினவன். இப்ப என் ஒருத்தன் உடம்பை ஏத்த முடியல."

"மெதுவா சரியாயிடும் அண்ணே."

"இல்ல சார். கிட்டத்தட்ட உங்க வயசுதான் எனக்கும். உங்களால முடியுது, என்னால முடியலன்னா என்கிட்டதான் கோளாறு. பயிற்சியை விட்டுடலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் ஏறும் அத்தனை பேரையும் அதட்டிப் பழகிய அந்தப் பெரிய உடம்பு லேசாகக் குலுங்கியது.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாய்வு இருக்கையில் கிடந்தபடியே இன்னும் கீழே, தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. 'அண்ணே, என் வண்டியில மோட்டார் இருக்கு.' சின்ன வாக்கியம்தான். நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்து மனைவி கையில் துண்டோடு வெளியே வந்து நின்றாள். என்னையே பார்த்தாள். வந்த வாக்கியம் தொண்டைக்குத் திரும்பிவிட்டது. கோழைக்குப் பேச்சு வராது, யோசனைதான் வரும். எனக்கும் வந்தது.

"நாளைக்கு நாம ரெண்டு பேரும் சேந்தே ஏறலாம் அண்ணே," என்றேன்.

திட்டம் இதுதான். நான் மோட்டாரைத் தொடவே மாட்டேன். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நானும் நிற்பேன். 'பாத்தீங்களா, எனக்கும் சில நாள் முடியாது' என்பேன். அவருக்கும் ஆறுதல், எனக்கும் அவமானமில்லை. உண்மையைச் சொல்லாமலேயே பிராயச்சித்தம்! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி வீட்டுக்காரர் வழக்கம்போல் பையைக் கொண்டுவந்து மாட்டினார். என் முகத்தைப் பார்க்காமலே மாடிக்கு ஓடிவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேட்டடியில் டிரைவர் அண்ணன் தயாராக இருந்தார். கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே எனக்கு நாக்குத் தள்ளியது. மோட்டார் சக்கரம் அம்மிக்கல் மாதிரி கனத்தது. பை பின்னால் இழுத்தது. அவர் நிற்கும்போது நிற்கலாம் என்று பக்கத்தில் பார்த்தேன். அவர் நிற்கவில்லை. நிதானமாக என்னைத் தாண்டினார். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"வாங்க சார், மனசால மிதிங்க!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதி மேட்டில் என் வண்டி நின்றேவிட்டது. பின்னோக்கி வேறு நகரப் பார்த்தது. பிராயச்சித்தமாவது ஒன்றாவது! கட்டைவிரலை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். "வந்துடும், வந்துடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரவில்லை. என்னிடம் புகார் சொன்ன அத்தனை பேரின் வயிற்றெரிச்சலும் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மேலேயிருந்து மனைவி நடந்து வந்தாள். அவசரமே இல்லை. பக்கத்தில் வந்து பிரேக்கைப் போட்டாள். பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே பயிற்சிக்கூடத்து இரும்பு எடைக்கட்டிகள் இரண்டு.

"தண்ணி ரொம்ப கெட்டியா இருக்கே," என்றாள்.

"பேட்டரி?"

"அதோ போகுது." டிரைவர் அண்ணனின் வண்டியைக் காட்டினாள். "முட்டி பலமாகிற வரைக்கும் அவருக்குக் கொஞ்சம் உதவி வேணும். மாடி வீட்டுத் தம்பிகிட்ட சொல்லி மோட்டார் மாட்டியாச்சு. பேட்டரிதான் கிடைக்கல. வீட்டுல ஒண்ணு வீணாப் போறது ஞாபகம் வந்தது."

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"முதல் நாளே. மேடு ஏறுறவங்களுக்கு மூச்சு வாங்கும். உங்களுக்குக் கொட்டாவி வந்தது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். பேச மேடை போட்டுக் கொடுத்தேன், சொல்லல. அந்த மனுஷன் உங்க முன்னால கண் கலங்கினாரு, அப்பவும் சொல்லல." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அதான் நானே அவர்கிட்ட சொல்லிட்டேன். அவர்கிட்ட மட்டும் இல்ல, எல்லார்கிட்டயும்."

கோபப்பட்டிருந்தால் பதில் பேசியிருப்பேன். படுத்துக்கொண்டே அழுதால் கண்ணீர் காதுக்குள் போகும். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

டிரைவர் அண்ணன் திரும்பி இறங்கி வந்தார். நான் ஒரு வழியாக வாயைத் திறந்தேன். "அண்ணே, மன்னிச்சுடுங்க. நான் ஒரு நாள்கூட மிதிக்கல."

"தெரியும் சார். கேட்டதும் கோபம்தான் வந்தது. அப்புறம் எனக்குக் கோளாறு இல்லன்னு தெரிஞ்சதும் வந்த நிம்மதி இருக்கே, வயிறு நிறைய சாப்பிட்டேன்." சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். என் வண்டியின் மூக்கில் கட்டினார். "கெட்டியா பிடிச்சுக்குங்க. வளைவுல மெதுவாத்தான் போவேன்."

முட்டி ஆபரேஷன் ஆனவர் இழுக்க, முட்டி நன்றாக இருக்கிற நான் ஊர்வலமாக மேலே போனேன். ஜன்னல்களில் அத்தனை தலைகளும் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

பயிற்சிக்கூடத்தில் மனைவி என்னைக் கடைசிப் பாயில் நிறுத்தினாள். "இவர் புதுசா சேந்திருக்காரு. முதல்லேந்து ஆரம்பிக்கணும். எல்லாரும் கொஞ்சம் பாத்துக்குங்க."

பக்கத்துப் பாயில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற எண்பது வயதுப் பெரியவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "கூச்சப்படாதீங்க தம்பி, சேந்த புதுசுல எனக்கும் பாதி மேடுதான் முடிஞ்சது."