போதாது அத்தானும் சர்க்கரை உப்பும்

அளவுக் கரண்டியைத் தங்களுக்கு நேர்ந்த அவமானமாக நினைக்கும் ஒரு ரகம் உலகத்தில் உண்டு. உரப் பையில் 'செடிக்கு ஒரு சிட்டிகை' என்றிருந்தால் அது கோழைகளுக்கு எழுதியது என்பார்கள். சலவைப் பொடியைப் பாக்கெட்டோடு கவிழ்த்து, நுரை கதவிடுக்கில் புறப்பட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுச் செருப்புகளை மிதக்கவிட்ட பிறகும், "அழுக்கு போச்சா இல்லியா?" என்று மார்தட்டுவார்கள். பார்த்திருப்பீர்களே? எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் அக்கா வீட்டுக்காரர். போதாது அத்தான் என்பது அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர்.

அவர் மகள் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனிக் கொஞ்ச காலம் மாடி ஏற முடியாது. கீழே இருப்பதோ ஹாலும் சமையலறையும் மட்டும். அதனால் கார் நிறுத்தும் கொட்டகையை அறையாக்கி, அவள் வருவதற்குள் கான்கிரீட் தரை போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஜன்னலுக்கு அத்தானே ஆசையாகப் பெயிண்ட் அடித்தார். எத்தனை பூச்சு என்று கேட்காதீர்கள். அந்த ஜன்னல் இன்றுவரை திறக்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. கலவை சீக்கிரம் இறுகிவிடுகிறது, மட்டம் பண்ண நேரமில்லை என்று கொத்தனார் அலுத்துக்கொண்டார். குளிர்பானத் தொழிற்சாலையில் பாட்டில் கழுவும் பிரிவைக் கவனிப்பவள் அக்கா. கடைக்குப் போய் ஒரு பை வெள்ளைப் பொடி வாங்கி வந்தாள்.

"சோடியம் குளுக்கோனேட். சர்க்கரையைப் புளிக்கவச்சு எடுக்கிற உப்பு. துருக்கறை, சுண்ணாம்புக் கறையெல்லாம் பிடிச்சு இழுத்துடும், அதான் பாட்டில் கழுவற தண்ணில போடறோம். கான்கிரீட்ல போட்டா இறுகறதைத் தள்ளிப்போடும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு ரெண்டு ஸ்பூன். அதுக்கு மேல வேண்டாங்க."

இவ்வளவிலும் அத்தான் காதில் விழுந்தது ஒரே வார்த்தை: சர்க்கரை.

"தூசி பறக்கும். கண்ணாடி, முகமூடி, கையுறை மூணும் போட்டுக்குங்க. கீழ சிந்தினா உடனே கூட்டிடுங்க, தண்ணி பட்டா வழுக்கும். பை வாயை இறுக்கிக் கட்டுங்க, இல்லேன்னா ஈரத்தை இழுத்துக் கல்லாயிடும்."

"காப்பியில போடற சாமானுக்கு முகமூடியா?" அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா வேலைக்குப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள். "ரெண்டு ஸ்பூன் எந்த மூலைக்கு?" என்று அத்தான் கையை உள்ளே விட்டார். ஒரு பிடி. இன்னொரு பிடி.

"சார், அம்மா ரெண்டு ஸ்பூன்னுதானே..." என்று கொத்தனார் இழுத்தார்.

"அம்மா பாட்டில் கணக்குல சொல்றாங்க. இது ரூம்யா!"

பாதிப் பை கலவைக்குள் போயிற்று. கொட்டகை வாசற்படியில் சிந்தியது தனி.

மாலையில் தரை கண்ணாடிபோல் மின்னியது. மறுநாளும் மின்னியது. அதற்கு மறுநாளும் களிமண்ணாய்த் தளதளவென்று மின்னியது. "நல்லது நிதானமாத்தான் இறுகும்" என்று அத்தான் வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கினார். கொத்தனார் வந்தார், கைவிட்ட கேஸைப் பார்க்கும் டாக்டர்போல ஒருமுறை எட்டிப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக்கே அழைத்துப் போகலாம்! தரை இறுகியதா என்று பார்க்க அத்தான் பதறி ஓடினார். வாசற்படியில் சிந்திய பொடி, யாரோ வாளியிலிருந்து தளும்பவிட்ட தண்ணீரில் கரைந்து, அவருக்காகவே காத்திருந்தது. சர்ர்ரென்று ஒரே வழுக்கல். அத்தான் தரையில் உட்கார்ந்தார் என்பதைவிட, தரை அவரை இடுப்புவரை வரவேற்றது என்பதே சரி.

"உப்பு சாதுங்க, சிமெண்ட் சாது இல்ல! தோல் வெந்துடும்!" என்று அலறிக்கொண்டே அக்கா குழாயைத் திருப்பி அவரை அலசினாள்.

"எப்ப இறுகும்?" குரல் எலியாகியிருந்தது.

"இனிமே இதை நம்ப முடியாது. சுரண்டிதான் எடுக்கணும்."

மகள் ஹால் சோபாவில் படுத்தாள். அத்தான் கீழே உட்கார்ந்து, அவள் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகத்தானேப்பா பண்ணீங்க?"

"ஆமாம்மா." கண் கலங்கிவிட்டது.

"அப்படியே எனக்காக ஒரு ஸ்பூனும் எடுத்திருக்கலாமே!"

அவள் சிரித்த சிரிப்பில் கட்டுப்போட்ட கால் குலுங்கியது. "ஐயோ, வலிக்குது" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். கடைசியில் அத்தானும் சிரித்தார்.

பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுக் கலவை போட்டார்கள். இம்முறை கண்ணாடியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு அக்காவே அளந்தாள். தரை மறுநாளே இறுகிற்று. கொத்தனார் மட்டும் ஒரு தப்புச் செய்தார்.

"தரை காயாம தினம் தண்ணி தெளிங்க சார்."

"எவ்வளவு?"

"நனைஞ்சா போதும்."

போதும்! யாரிடம் எந்த வார்த்தையைச் சொல்வது? காலையில் போய்ப் பார்த்தால் அறை நிறையக் குளம், நடுவில் பெயிண்ட் டப்பா படகாய் மிதக்கிறது, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய அத்தான் கையில் குழாயோடு பூரித்து நிற்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, இருமல் மருந்தோடு வந்த அந்தக் குட்டி அளவுமூடியை எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள். காணோமா? "அதெல்லாம் எனக்குக் கண் அளவே..." என்று ஆரம்பிக்கிறீர்களா?

வாருங்கள். அத்தானிடம் அறிமுகப்படுத்துகிறேன்.