ஐஸ் வாளியில் அளந்த வீரம்

பிடித்த பெண் பக்கத்தில் நிற்கும்போது எந்த ஆணிடமும் "வலிக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. உண்மையான பதில் வராது. இதைத் துறையே பார்க்க நிரூபித்த மேதை நான்.

புதுச்சேரியில் மயக்கவியல் மேற்படிப்பு படித்தபோது என் ஆய்வு இதுதான்: சிரிப்பு வாயுவை, ஆள் தூங்கிவிடாதபடி கொஞ்சமாகக் கொடுத்தால் வலி எவ்வளவு குறைகிறது? ஐஸ் தண்ணீரில் கையை வைத்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். முதலில் வாயு இல்லாமல், பிறகு வாயுவோடு.

"ஊரார் கைய வைக்கிறதுக்கு முன்னாடி நீ உன் கைய வையிப்பா," என்றார் பேராசிரியை. எண்ணைக் குறிக்க நோட்டும் பேனாவுமாக நின்றவள் என் வகுப்புத் தோழி ஜெசிந்தா. (அவளைக் காபி குடிக்கக் கூப்பிட ஆறு மாதமாக எனக்கு வாய் வரவில்லை.)

கையை விட்டேன். ஒரே நிமிடத்தில் விரல்களை யாரோ இடுக்கியால் பிடுங்குவது போலிருந்தது.

"எவ்ளோ?" என்றாள்.

"ரெண்டு." (எங்க ஊர் தவளக்குப்பத்தான் ஐஸுக்கு அசருவானா!)

"கண்ணு கலங்குதே?"

"ஏசி காத்து."

கை சூடேறிய பிறகு வாயு வரும் மாஸ்க்கை முகத்தில் போட்டார்கள். மறுபடி வாளி. வலி மெய்யாகவே குறைந்திருந்தது. கூடவே நாக்கின் கட்டும் அவிழ்ந்துவிட்டது.

"இப்ப எவ்ளோ?"

"அஞ்சு!"

பேராசிரியை நோட்டை எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, மருந்து குடுத்தா வலி ஏறுது?"

"இல்ல மேடம், கொறைஞ்சிருக்கு. முன்னாடி ஒம்பது. ஜெசிந்தா பாக்குறாளேன்னு ரெண்டுன்னு சொல்லிட்டேன்." அதோடு நிறுத்தினேனா? "ஜெசிந்தா, பீச் ரோட்டுல காபி குடிக்க வர்றியா?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினேன்.

வாயுவை முகராதவர்களெல்லாம் சிரித்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் போதை தெளிந்தது. போன மானம் திரும்பவில்லை. பேராசிரியை என் எண்களை அடித்துவிட்டு, "இனிமே வலியக் கேக்குறவங்க முன்னபின்ன தெரியாத ஆளா இருக்கணும்," என்று விதியே போட்டுவிட்டார். மூன்று மாத ஏற்பாட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா வந்தாள். "காபிக்கு வர்றேன். ஆனா மாஸ்க் இல்லாம இன்னொரு தடவ கேளு."

கேட்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். இன்றும் ஜெசிந்தா வைத்த மீன் குழம்பை நான் "பிரமாதம்" என்று சொன்னால், எங்கள் மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்கிறாள்:

"அம்மா, அப்பாவுக்கு மாஸ்க்கப் போட்டுட்டுக் கேளு."