பெரியவர் வாசலில் தொங்கிய லெஸ்தாயா

ஒன்றுமே படிக்காதவளால் ஊருக்கு ஆபத்தில்லை. அவள் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்வாள். என்னைப் போல் இரண்டாம் வகுப்பு வரை போய்த் திரும்பியவள்தான் ஆபத்து. எழுத்தைக் கண்டதுமே தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். (இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பேன்.)

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மைசூர் மண்டி மொஹல்லாவில், வெங்காய வண்டி நுழைந்தால் ஆள் நுழைய முடியாத ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே நானும் ரயில்வேயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும். மாடி அறையில் மலையாளத்துப் பாதிரியார் ஒருவர் குடியிருந்தார்; அச்சன் என்போம். நெஞ்சுச் சளிக்கு மைசூர்க் காற்று நல்லது என்று வந்தவர். சாப்பாட்டில் குறையே சொல்லமாட்டார்; சாப்பிட்டதே அவருக்கு நினைவிருக்காது.

அவர் வேலையெல்லாம் சுரியானி பாஷையில். ஏசுநாதர் பேசின பாஷைக்கு அது நெருங்கிய சொந்தம், மலையாளத்துப் பக்கம் சில கோயில்களில் பூசையே அதில்தான் என்று சவரிமுத்து சொல்லியிருந்தார். நான் அதைச் சுருக்கி, 'எங்க மாடியில ஏசு பேசின பாஷை இருக்கு' என்று சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பாஷையில் அச்சன் அப்படி என்னதான் தேடுகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே!

மாதா திருநாளுக்கு அடுத்த வாரம் பெரிய பண்டிதர்கள் மைசூரில் கூடுவதாக இருந்தது. அச்சன் தம் வேலையை அவர்கள் முன்னால் வைக்கப் போகிறார். அவர்களுக்குப் பிடித்தால் புஸ்தகமாக வரும். தலைமயிர் கறுப்பாக இருந்த நாளிலிருந்து அவர் பட்ட பாடு அது. அதற்கு முன் ஊருக்கு ஒருமுறை போய்வரக் கிளம்பினார். போகும்போது ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார்.

"ஞானம்மே, இதில் கரையான் வந்நு. பேப்பரெல்லாம் ஒந்நு வெயில் கொள்ளணும். திருநாளுக்கு ஞான் வந்துடும்."

பெட்டியைத் திறந்தேன். உள்ளே பட்டம் விடுகிற கலர்ப் பேப்பர். நீலம், சிவப்பு, மஞ்சள். எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் மேலே ஓர் ஓட்டை, அதில் நூல் கோர்த்துக் கட்டுக்கட்டாக இருந்தது. பேப்பரில் கோலம் போல மை எழுத்து.

நீங்களே சொல்லுங்கள். திருநாள் நெருங்குகிறது. எங்கள் சந்தில் திருநாளுக்கு முன் பேப்பரை வெயிலில் காயவைத்தால் அது தோரணத்துக்குத்தான். வெயில் பட்டால் மொடமொடப்பாக ஆடும். வீட்டுக்கு வீடு தோரணக் காணிக்கை உண்டு. மாடி வீட்டுக் காணிக்கை இன்னும் வரவில்லை. வெட்டி, ஓட்டை போட்டு, நூலும் கோர்த்துப் பெட்டியில் வைத்திருந்தால் அதற்கு வேறென்ன பெயர்?

"ஏன்டி, அச்சனை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டலாமே" என்றார் சவரிமுத்து.

"உங்களுக்கு ரயில் தண்டவாளம் தெரியும். கோயில் காரியம் எனக்குத் தெரியும். சும்னிருங்க."

கட்டுகளையெல்லாம் பிரித்து, ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள் என்று நானே மாற்றி மாற்றிக் கோர்த்தேன். சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கட்டினோம். அடுத்த சந்துக்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். "சும்மா பேப்பர்னு நெனைக்காதீங்க. ஒவ்வொண்ணும் ஏசு பேசின வார்த்தை" என்றேன். வெங்காய மண்டி மரியசூசைப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். சந்தில் பெரிய மனுஷர் அவர்தான்.

"ஏம்மா ஞானம்மா, நம்ம வாசலுக்கு நல்லதாப் பாத்துக் கட்டு."

இருப்பதிலேயே பெரிய எழுத்தாக இருந்த ஒரு நீலப் பேப்பரை அவர் வாசல் நிலைக்கு நேர் மேலே கட்டினேன். மனுஷர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

திருநாள் சாயங்காலம் மாதா சப்பரம் சந்துக்குள் நுழைந்தது. அதே நேரம் மறுகோடியில், கையில் பையோடு, ஸ்டேஷனிலிருந்து நேராக அச்சன் வந்தார். மேலே பார்த்தார். பை கீழே விழுந்தது. நான் ஆனந்தம் என்று நினைத்தேன்.

பெரியவர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "அச்சா, நம்ம வாசல்ல இருக்கிறதை எல்லாரும் கேக்கிற மாதிரி படிச்சுச் சொல்லுங்க!"

அச்சனுக்குப் பொய் வராது. "லெஸ்தாயா" என்றார்.

"ஆகா! அப்படின்னா?"

"கொள்ளைக்காரன்."

ரேஷன் காலத்தில் பெரியவர் வெங்காயம் விற்ற விலையைச் சந்து மறந்திருக்கவில்லை. பின்னால் யாரோ, "ஆண்டவருக்குத் தெரியாததா!" என்றார்கள்.

"அப்ப மாதா தலைக்கு மேல?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாட்டை. அதுக்குப் பக்கத்தில் கூத்துக் கொட்டகை. அந்தச் சிவப்பு, வேட்டை."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "ஏசு பேசின பாஷைதானே அச்சா?"

"அந்தப் பாஷை தனி, ஞானம்மே. இதெல்லாம் சுரியானிக்குள் வெளியிலிருந்து வந்து ஒட்டின வாக்கு. அதை மாத்திரம் ஞான் பிரிச்சு எழுதினது. நீலம் கிரேக்கம், சிவப்பு பாரசீகம், மஞ்சள் லத்தீன்."

சுரியானியில் சுரியானி அல்லாதது எதுவோ, அதை மட்டும் பொறுக்கி மாதாவுக்குத் தோரணம் கட்டியிருக்கிறேன். பெரியவர் "அவுத்துடு, அவுத்துடு!" என்று கத்தினார். அவர் சம்சாரம் என் வம்சத்தையே இழுத்தாள். அது போதாதென்று, அப்போது பார்த்து மழை கொட்டியது.

மைசூர் மழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். அச்சனும் நானும் சவரிமுத்துவும்தான் ஏணி போட்டுப் பிடுங்கினோம். முதலில் மை ஓடியது. பிறகு சாயம். சப்பரம் சந்தைத் தாண்டுவதற்குள் மாதாவின் வெள்ளை முக்காட்டில் நீலம் சொட்டிவிட்டது. கீழே விழுந்ததை ஆடு தின்றது. கைக்கு வந்தது கூழ்.

அச்சன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வாய் எனக்கு உண்டு. மாடிப்படியில் உட்கார்ந்து, ஈரப் பேப்பரை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். நீலமும் சிவப்பும் மஞ்சளும் கலந்து எல்லாம் ஒரே சேற்று நிறம். எழுத்து ஒன்றுமில்லை. நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அது ஆறிப்போய் ஆடை கட்டும் வரை அப்படியே இருந்தார்.

பண்டிதர்கள் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. அதற்கு முன்பே ரயிலேறிவிட்டார். புஸ்தகம் வந்ததாக நான் கேள்விப்படவேயில்லை. மன்னிப்புக் கேட்டாயா என்பீர்கள். வாயைத் திறந்தேன், "ஓட்டை ஏன் அச்சா போட்டீங்க?" என்றுதான் வந்தது.

இன்றைக்கும் நான் மொட்டை மாடியில் வடாம் காயவைத்தால், "எந்த ஊர்ப் பாஷை பாட்டி, பிழியறது?" என்று கேட்டு வீடே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஆனால் ஒன்று. பெரியவர் போய்விட்டார், மண்டியும் கைமாறிவிட்டது, அந்த வீட்டில் இப்போது யாரோ கன்னடக்காரர்கள். போன மாசம் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் பையன் இப்போதுதான் மீசை முளைத்தவன், நம் ஜனம்கூட இல்லை. "எல்லி அஜ்ஜி?" என்று போகிற இடத்தைக் கேட்டான். சந்தின் பெயரைச் சொன்னேன். முழித்தான். பிறகு முகம் மலர்ந்து, "ஓ, லெஸ்தாயா மனே ஹத்ரானா?" என்றான்.

ஆமாம் மகனே, லெஸ்தாயா வீட்டுப் பக்கத்தில்தான். அப்படியென்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. கிரேக்கத்திலிருந்து சுரியானிக்கு வந்த வார்த்தை, என் கையால் மண்டி மொஹல்லாவுக்கும் வந்துவிட்டது. அச்சனிடம் இதைச் சொல்ல வேண்டும். எழுதிப்போட எனக்கு விலாசமும் தெரியாது, அவ்வளவு எழுத்தும் தெரியாது.