ஆடிக் கிருத்திகையன்று நான் வாங்கிய ஐந்து விரால்கள்

திருத்தணியில் பிறந்து வளர்ந்தும், ஆடிக் கிருத்திகை என்றைக்கு என்று தெரியாமல் மீன் வாங்கி வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஊரே மஞ்சள் உடுத்தி மலையேறிக்கொண்டிருந்தது. நான் ஐந்து உயிர் விரால்களோடு ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். (எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிற திமிர். காலண்டரெல்லாம் படிக்காதவங்களுக்குன்னு நெனப்பு.)

என் புராஜெக்ட், விராலின் தோலில் இருக்கும் கொழகொழப்பு. தண்ணீரிலுள்ள கிருமிகள் மீனுக்குள் புகாமல் தடுக்கும் புரதங்கள் அதில்தான் இருக்கின்றன. அதில் லைசோசைம் என்று ஒன்று, கிருமியின் சுவரையே உடைத்துவிடும். நம் கண்ணீரிலும் அது உண்டு. மீனைக் கொல்லாமல் அந்தக் கொழகொழப்பைக் கொஞ்சம் எடுத்து, ஐஸில் வைத்து, மறுநாள் காலை சென்னையில் கைடு மேடத்திடம் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை சொதப்பியிருந்தேன். "நாளைக்கும் வெறுங்கையோட வந்தா, இந்த வருஷம் உனக்கு டிகிரி கிடையாது" என்று மேடம் சொல்லிவிட்டார்.

விரால் துள்ளுமே என்று எவர்சில்வர் குடத்தில் விட்டு, வாயை மஞ்சள் துண்டால் கட்டியிருந்தேன். பஸ்ஸில் ஒரு அம்மா குடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அபிஷேகப் பாலாம்மா?"

"ஆங்" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உட்கார்ந்த மறுநிமிஷம் குடத்துக்குள் தடக் தடக்.

"இன்னாம்மா, பாலு குதிக்குது?"

"ரோடு சரியில்லீங்க."

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே கடந்தேன்.

வாசலிலேயே அம்மா மறித்தாள். "அறிவு கீதாடி உனக்கு? இன்னிக்கு இன்னா நாளு? இத்த எட்த்துகினு உள்ள கால வெச்சிடாத." அதோடு நிற்காமல், பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் குரல் கொடுத்தாள். "ஸ்டெல்லா, மீன் வருது."

எனக்கும் அது வசதியாகத்தான் போயிற்று. மீன் இரண்டு மணி நேரம் நல்ல தண்ணீரில் இளைப்பாற வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுத் தோட்டத்தில் குடத்தை வைத்து, தண்ணீரை மாற்றிவிட்டு, ஐஸ் வாங்க மார்க்கெட்டுக்கு ஓடினேன். எதற்கு இந்த மீன் என்று ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (சொன்னா அவங்களுக்கு எங்க புரியப்போகுதுன்னுதான். எனக்கே பாதி புரியாது, அது வேற விஷயம்.)

கிருத்திகைக் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்ப மூன்று மணி நேரம் ஆனது. தோட்டத்தில் நான்கு விரால்கள் மண்டை தட்டப்பட்டு, அடுப்புச் சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தேய்க்கப்பட்டு, பளபளவென்று கிடந்தன.

"பாத்தியா, ஒரு சொட்டு கொழகொழப்பு இல்ல" என்று ஆன்ட்டி பெருமையாகக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிருத்திகை, வெள்ளிக்கிழமைகளில் தப்பித்தவறி எங்கள் வீட்டுக்கு வருகிற மீன், சுவர் தாண்டி ஆன்ட்டி வீட்டுக்குப் போகும். கிறிஸ்தவக் குடும்பம், அவர்களுக்கு இந்த விரதமெல்லாம் கிடையாது. மறுநாள் அது குழம்பாகத் திரும்பி வரும். பல வருஷத்துப் பழக்கம். நான்கூடத் தட்டு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணீரிலும் லைசோசைம் உண்டே, இதையே ஒரு குப்பியில் பிடித்துக் கொடுத்துவிடலாமா என்றுகூடப் புத்தி போயிற்று.

"இன்னாத்துக்குடி அழுவுற? எப்பவும் வர்ற மீனுன்னு நெனச்சேன்."

"எனக்கு மீன் வேணாம் ஆன்ட்டி. அந்தக் கொழகொழப்புதான் வேணும்."

படிச்சுப் படிச்சு இந்தப் பொண்ணுக்குக் கழன்றுவிட்டது என்பதுபோல் பார்த்தார். பிறகு குடத்தைக் காட்டினார்.

"அப்டின்னா அதுல இன்னும் ஒண்ணு கீது பாரு. அர மணி நேரமா புடிக்கிறேன், கைல நிக்கவே மாட்டேங்குது. வழுக்கிகினே போவுது."

எட்டிப் பார்த்தேன். ஐந்தாவது விரால், முழுக் கொழகொழப்போடு, குடத்தின் அடியில் சுற்றிக்கொண்டிருந்தது. கிருமிக்காக வைத்திருந்த பாதுகாப்பு, ஆன்ட்டியின் சாம்பல் கையிலிருந்தும் அதைக் காப்பாற்றியிருந்தது. அப்பாடா என்று அன்றைக்கு விட்ட மாதிரி ஒரு பெருமூச்சை இன்றுவரை நான் விட்டதில்லை.

லேசான உப்புத் தண்ணீர் ஊற்றிய பாலிதீன் பையில் மீனை விட்டு, ஆன்ட்டியே பையைப் பிடித்து இரண்டு நிமிஷம் மெல்ல ஆட்டினார். கொழகொழப்பு கரைந்த தண்ணீர் மூன்று சின்னக் குப்பி தேறியது. "இம்மாத்தூண்டுக்கா அவ்ளோ அழுத?" என்றார். மீனை அவர் வீட்டுக் கிணற்றிலேயே விட்டோம்.

மறுநாள் மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரே மீனா?" எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். "முதல் சோதனைக்கு இது போதும். மீதி அடுத்த மாசம். காலண்டர் பாத்துட்டு வாங்கு."

கிருமி வளர்த்த தட்டில், என் சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி மட்டும் கிருமியே இல்லாமல் ஒரு வட்டம் தெளிந்திருந்தது. டிகிரி பிழைத்தது.

பல வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட ஸ்டெல்லா ஆன்ட்டிதான் வந்தார். கூடம் நிறையப் புகுந்த வீட்டுச் சொந்தங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தடவி வழுக்கிய குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொண்டு, வெந்நீர்ச் சொம்பை எடுத்தவர், அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"தோ பாரு, இப்பவே சொல்லிடு. கழுவலாமா, இல்ல ஆராய்ச்சிக்கு எதனா எட்த்துக்கணுமா?"