சலூனில் ஒரு பிளவர்ஹார்ன்

கத்தி கன்னத்தில் இருக்கும்போதுதான் அந்த மீன் மறுபடியும் தொட்டியின் சுவரில் ‘டங்’கென்று மோதியது. நாற்காலியில் இருந்த பேங்க்காரர் துள்ளினார். கன்னத்தில் பொட்டாக ரத்தம்.

“நான் ஷேவிங்குக்கு வந்தேனா, ஆபரேஷனுக்கு வந்தேனா?” என்று கேட்டவர், மீதிக் கன்னத்தை எதிர்க்கடையில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நுரையோடு இறங்கிப் போனார்.

எதிர்க்கடை என்று காதில் விழுந்தாலே சலூன்காரருக்கு ஆகாது. ஏசி, சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி என்று அது திறந்த நாளிலிருந்து இங்கே ஈ ஓட்டுகிற வேலைதான். இந்த மாதமும் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு மச்சினனின் பெயிண்டுக் கடையில் போய் நிற்க வேண்டும். “வாங்க மாமா, டப்பா தூக்க ஆள் தேவைதான்” என்று அந்தப் புண்ணியவான் போன வாரமே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். இத்தனை வருஷம் கத்திரி பிடித்த கை அவனிடம் டப்பா தூக்குவதா? நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி முயற்சியாக வாங்கியதுதான் இந்த பிளவர்ஹார்ன். சிக்லிட் என்கிற வளர்ப்பு மீன் இனத்திலேயே ராஜா என்றார் மீன்கடைக்காரர். சிவப்பு உடம்பு, நெற்றிக்கு மேல் பந்தை ஒட்டிவைத்த மாதிரி ஒரு மண்டை. அந்த மண்டை பெருக்கப் பெருக்கக் கடைக்கு ஆள் வருமாம். சொல்கிறவரே மீன் விற்கிறவர் என்பது நம்மவர் மூளைக்கு எட்டவில்லை.

இப்போது ஓடிப்போய் முறையிட்டதற்கு அவர் நிதானமாகச் சொன்னார். “கோவக்கார மீனுங்க அது. உங்க கடைக் கண்ணாடியில தன்னையே பாத்துட்டு, வேற மீன் சண்டைக்கு வந்திருக்குன்னு நெனச்சுக்குது. ஒண்ணு கண்ணாடிய மூடுங்க, இல்ல மீன மூடுங்க.”

“மீன மூடினா?”

“மண்டை வத்திடும்.”

சலூன்காரர் கண்ணாடியை மூடினார். மனைவியின் நல்ல பெட்ஷீட்டைக் கொண்டுவந்து ஆணியடித்தார். அதற்கு வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனிக்கதை.

மீன் அடங்கியது. ஆனால் இவருக்கு இரண்டு கிருதாவையும் கண்ணாடியில் பார்த்தே சரிசெய்த பழக்கம். அது இல்லாமல் தையல்காரருக்கு இடது கிருதா கொஞ்சம் மேலே போய்விட்டது. வலதை ஏற்றினார், அது இன்னும் மேலே போனது. இப்படியே ஒன்றுக்கொன்று போட்டி போட்டு, காதைத் தாண்டிய பிறகுதான் இரண்டும் நின்றன. தையல்காரர் தடவிப் பார்த்துவிட்டு, “நான்கூட அளவெடுத்துட்டுத்தான் வெட்டுவேன்” என்றார்.

அவரைச் சமாதானப்படுத்தக் கைக்கண்ணாடியை நீட்டினார். அதிலும் மீன் தன் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டது. எகிறிய எகிறலில் தொட்டித் தண்ணீர் தையல்காரர் மடியில். கைக்கண்ணாடியும் அலமாரிக்குள் போனது.

வருகிறவர்கள் பெட்ஷீட்டையா பார்த்துக்கொண்டிருப்பார்கள், மீனையாவது பார்க்கட்டும் என்று நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டார். ரிட்டயர்டு சூப்பிரண்டு வந்து உட்கார்ந்தார். காதோரம் மட்டும் நாலு முடி, மற்றதெல்லாம் பளபளப்பு. அவர் தலையைக் குனிந்ததும், தன்னுடையதைவிடப் பெரிய மண்டையைப் பார்த்த மீன் செவுளை விரித்துக்கொண்டு பாய்ந்தது. வேறு வழி தெரியாமல் சலூன்காரர் சூப்பிரண்டின் தலையிலும் ஒரு துண்டைச் சுற்றினார்.

அன்று வீட்டுக்கு வந்து, உன் தம்பிக்குப் போன் போடு, டப்பா தூக்க வரேன்னு சொல்லு என்று மனைவியிடம் சொன்னார். அவள் போடவில்லை. பெட்ஷீட் கோபத்தைக்கூட மறந்து, “இன்னும் ஒரு வாரம் பாப்போம்ங்க” என்றாள்.

பார்த்தது நல்லதாயிற்று. மறு வாரம் கடை பெஞ்சில் உட்கார இடமில்லை. துண்டு சுற்றிக்கொண்ட சூப்பிரண்டே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் தெருவைத் தாண்டி வந்தார்கள். எல்லாரும் நாற்பதைக் கடந்த பெரிய மனிதர்கள். தலையில் வேலையும் அதிகமில்லை, சட்டென்று முடிந்தது. அதையும் மீன் கணக்கிலேயே வரவு வைத்தார் சலூன்காரர். மச்சினன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, டப்பாப் பேச்சே எடுக்காமல் போனான்.

நெஞ்சு நிறைந்துபோன சலூன்காரர், பெஞ்சில் இருந்தவர்களிடம் ஒரு நல்ல செய்தி சொன்னார். மீன் மகாராஜாவுக்கு வாசல் பக்கம் தனி இடம் கட்டப்போகிறார். இனி யாரும் தலையைத் தடவிப் பார்த்துக் கஷ்டப்பட வேண்டாம். இந்தப் பெட்ஷீட்டைக் கழற்றிவிட்டு, எதிர்க்கடையில் இருப்பதைவிடப் பெரிய கண்ணாடியாக மாட்டப்போகிறார். சொன்ன கையோடு ஓர் ஆணியைப் பிடுங்கவும் செய்தார்.

பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது.

மூலையில் உட்கார்ந்திருந்த மளிகைக்கடைக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மீன எங்க வேணா வைங்க, இல்ல யாருக்காவது குடுத்துடுங்க; கண்ணாடிய மட்டும் தொறந்துடாதீங்க. எதிர்க்கடையில உக்காந்தா தலையில எவ்வளவு மிச்சம்னு பளிச்சுனு தெரிஞ்சுடுதுங்க.”